தேங்காய் அவருக்கு, தேர் எங்களுக்கு

யாங்கோனின் தாகேதா பகுதியில் எங்கள் அம்மன் தேர் தெருமுனையில் திரும்ப வேண்டுமென்றால், மேலே நின்று ஒருவர் விசில் ஊத வேண்டும். போன வருஷம் சக்கரம் சாக்கடைப் பக்கம் சரிந்தது. வெகுகாலமாக ஊதிவந்த கோயில் தலைவர்தான் முதல் ஆளாகக் குதித்து ஓடினார். வடத்தை விடாமல் பிடித்திருந்த ஒருவரின் கால் நசுங்கிப்போனது. இந்த வருஷமும் அவரே ஏறினால் அடுத்த கால் யாருடையது?

டீக்கடையில் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. கடைசியில் “பாவம், பெரிய மனுஷன்” என்று முடித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கியாக்டடா நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். அமெரிக்கா விடுதலைக்குச் சண்டை போட்ட காலத்தில், வடக்கே பேர் வாங்கிய தளபதி ஒருவர் தெற்கே தோற்றார். தோற்றால் பரவாயில்லை, படையை விட்டுவிட்டு நல்ல குதிரையில் ஏறிப் போயே போய்விட்டார். அவரை மாற்றினார்கள். புதிதாக வந்தவரும் களத்தில் பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆனால் படையைச் சிதறவிடவில்லை. துரத்தித் துரத்தி எதிரிதான் ஓய்ந்துபோனான்.

“அவ்வளவு பெரிய சண்டையிலயே மாத்தியிருக்கானுக. நமக்கு என்ன கேடு?” என்றேன்.

மாற்றுவதென்று முடிவானது. ஆனால் யாங்கோனில் மூத்தவரிடம் வெறுங்கையோடு போய் ஒன்றும் சொல்லிவிட முடியாது. கடோ வைக்க வேண்டும். அதாவது தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்து, விழுந்து கும்பிட வேண்டும். கும்பிட்டோம். தலைவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “சரி, சரி. நாளைக்கு வெள்ளன வந்துர்றேன்” என்றார். மறுபடியும் அழைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

கால் நசுங்கியவரின் மனைவியும் வந்திருந்தார். க்யிம்யிண்டைங் சந்தையில் மீன் விற்பவர். கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னார்: “அண்ணே, தேங்கா உங்களுக்கு. தேரு உங்களுக்கு இல்லே.”

பொம்பளை தேரில் ஏறுவாளா என்று தலைவர் சீறினார்.

“ஏறலே. சக்கரத்துப் பக்கத்துல நிக்கிறேன். சாஞ்சா முதல்ல எம்மேல சாயட்டும்.”

விசிலைத் தலைவர் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் தெருமுனையில் சந்தைக் குரலெடுத்து, தமிழில் ஒருமுறை, வடம் பிடிக்கும் இளசுகளுக்காகப் பர்மியத்தில் ஒருமுறை என்று மீன் விற்கும் அந்த அம்மாவே கத்தினார். சக்கரம் சாக்கடைப் பக்கம் நழுவத்தான் செய்தது. அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவர் அங்கே நிற்கும்போது யாருக்கு வடத்தை விட மனசு வரும்? எங்கள் கைத்தோல் உரிந்தது. தேர் திரும்பியது.