அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

வீட்டில் மின்னூல்களைச் சேர்த்து வைத்து, அவற்றை ஒரு சின்ன சர்வரோடு ஒத்துப்போக வைப்பது சம்பளமும் வார விடுமுறையும் இல்லாத வேலை. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பகலில் நான் ஒரகடத்து பம்ப் கம்பெனியில் டெஸ்டிங். என் வீட்டுக்காரர் செல்வத்தை அதே கம்பெனி, புது உற்பத்தி லைன் போட ஒன்றரை வருஷம் ஹங்கேரிக்கு அனுப்பியது. நான்தான் மண்ணூர் வீட்டில் தனியாக மிஞ்சினேன்.

பெட்டியில் இடமில்லை

அவர் பெட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் போக, புத்தகத்துக்கு இடமில்லை. அதனால் டிவிக்குப் பின்னால் எப்போதும் நெட்டில் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டராக, உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்வர் வைத்தேன். நான் அதில் போடும் புத்தகம் அங்கே அவர் கையிலிருக்கும் மின்னூல் ரீடரில் தானாக இறங்கும். அவர் எந்தப் பக்கம் வரை படித்தார் என்பது இங்கே என் போனில் தெரியும்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் மேரி அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "புக்குக்கு இன்னாத்துக்குடி சர்வரு? வூட்ல அலமாரி இல்லியா?"

சுத்தம் செய்த ஞாயிறு

ஒரே நாவல் இரண்டு பிரதியாகக் கிடந்தது. வீட்டைப் பெருக்கிய கையோடு ஒன்றை அழித்தேன். அவர் படித்துக்கொண்டிருந்தது அந்தப் பிரதியைத்தான். சர்வர் ரொம்ப விசுவாசமானது. அவர் ரீடரிலிருந்தும் அதை அழித்துவிட்டது, அடிக்கோடு போட்ட வரிகளோடு சேர்த்து.

அரை மணியில் போன் வந்தது. "கொலைகாரன் யாருன்னு தெரிய இன்னும் முப்பது பக்கம்தான் இருந்துச்சு. அதுக்குள்ள புக்கையே கொன்னுட்டியேம்மா!"

நகராத எண்

பேச முடியாத நாட்களில் அவர் பக்க எண்ணைப் பார்ப்பேன். எண் நகர்ந்திருந்தால் சாப்பிட்டிருப்பார், டிராமில் உட்கார இடம் கிடைத்திருக்கும் என்று நானே நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை நாலு நாளாக எண் 84லேயே நின்றது. 'வேலை ஜாஸ்தி' என்று மட்டும் மெசேஜ் வந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். சர்வரை அணைத்துப் போட்டேன். என் போனிலிருந்து ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் கோளாறு இங்கே இல்லை, அவரிடம்தான். மறுநாள் கம்பெனி டீ பிரேக்கில் அவரை வீடியோ காலில் கூப்பிட்டேன். கழுத்து வரை போர்வை, ஒட்டிப்போன கன்னம். நாலு நாளாகக் காய்ச்சல், ஒண்டியாகப் படுத்திருக்கிறார். நான் அழுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ இப்டி அழுவன்னுதான் சொல்லல. அந்த டப்பா போட்டுக் குடுத்துடுச்சா?"

ஒரே புத்தகம்

அவர் தேறியதும், ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படிக்கலாம் என்று இருவருக்கும் ஒரே பெயரில் கணக்கு வைத்தேன். திறந்தால் ரீடர் கேட்கும்: 'இன்னொரு கருவியில் 112ஆம் பக்கம். அங்கே போகவா?' நான் ஆமாம் என்று அழுத்தி அவர் இடத்துக்குத் தாவுவேன். அங்கே அவரும் ஆமாம் என்று அழுத்தி, நான் விட்ட இடத்துக்கு வந்திருப்பார். பத்து நாளாகியும் கதை இருவருக்குமே புரியவில்லை.

அவர்தான் கேட்டார்: "நீ என் பக்கத்துக்கு வர்ற, நான் உன் பக்கத்துக்கு வர்றேன். எப்பதான் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கறது?"

இன்னும் ஆறு மாதம்

ஒன்றரை வருஷம் முடிய பதினைந்து நாள் இருந்தபோது, லைன் இன்னும் தயாராகவில்லை, ஆறு மாதம் நீட்டிப்பு என்றார்கள். அவர் வரப்போகிறார் என்று எவர்சில்வர் தட்டு முதல் தலையணை உறை வரை புதிதாக வாங்கி வைத்திருந்தேன். போனில் அவரிடம், புதுசாகப் புத்தகம் ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

"போடு. ஆனா பெருசா வேணாம். சின்னச் சின்னதா போடு, சீக்கிரம் முடியற மாதிரி இருக்கும்."

ஐந்நூறு புத்தகங்களை நொடியில் கடல் தாண்டி அனுப்பத் தெரிந்த எனக்கு, ஒரே ஒரு ஆளை மண்ணூருக்கு இறக்கத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.