படத்துக்கு வைக்கப் பார்த்த பூ

என் மூத்த பேரன் துபாயில் இஞ்சினியர். அடுத்தவன் சென்னையில் பல் டாக்டர். கடைக்குட்டிப் பேத்தி கயல் கனடாவில் படித்து, அங்கேயே வேலையும் வாங்கிவிட்டாள்.

இன்று அவளுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய, திருத்துறைப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண் அங்கே, பூ இங்கே.

மாப்பிள்ளையின் அம்மா, சுவரில் இருந்த கயலின் பட்டமளிப்புப் படத்தில் மல்லிகைச் சரத்தை மாட்டப் போனார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"கையை எடுங்க சம்பந்தியம்மா! உசுரோட இருக்கற புள்ள படத்துக்குப் பூ போடுவாங்களா? பக்கத்துல பாருங்க, மாலையோட எங்க வீட்டுக்காரரு!"

"ஐயய்யோ! அப்ப நான் யாரு தலையில வைக்கிறதுங்க?"

வைக்காமல் திருப்பி எடுத்துப் போனால், சம்பந்தம் முறிந்தது என்று ஊர் பேசும்.

அதனால்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதுகிறேன். கயல், அந்த ஊரில் கிடைக்கிற பூவைத் தலையில் வைத்து உடனே ஒரு புதுப் படம் போடு, அதையே பூ வைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். உன் மாமியார் சரத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறுகிறது.