குங்குமம் பட்ட டாங்கி

சிரிப்பீர்களோ என்று பயந்தே பல வருடம் இதை எழுதவில்லை.

எண்பதுகளில் தில்லி கரோல் பாகில் குடியிருந்தோம். என் கணவர் அட்டையில் விரல் நீள டாங்கிகள் செய்து வண்ணம் தீட்டுவார். மாடி வீட்டு சர்தார்ஜியோடு அவற்றை மேஜையில் நகர்த்திப் போர் விளையாடுவார். ஆயுத பூஜையன்று, இவையும் ஆயுதம்தானே என்று, பெயின்ட் காயாத புது டாங்கிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டேன். மூன்று மாத உழைப்பு பாழ்.

"இனிமே இதைத் தொடவே மாட்டேன்டி" என்று அவர் பெட்டியை மூடிவிட்டார். நான் 'முருகா' என்று அழுதேன்.

மாலையில் விளையாட வந்த சர்தார்ஜி முன்பு ராணுவத்தில் நிஜ டாங்கி ஓட்டியவர். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"அரே பாபிஜி, எங்க மதராசி ஜவானும் பொட்டு வெச்சுதான் டாங்கியைக் கிளப்புவான். என்னோடதுக்கும் வைங்க. இல்லேன்னா இவரே ஜெயிச்சுடுவார்!"

கணவர் சிரித்துவிட்டார், குங்குமச் சிமிழை அவரே எடுத்துத் தந்தார்.

அன்று முருகன்தான் தலைப்பாகை கட்டி வந்தான் என்றே நம்புகிறேன். கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.