யோகம்மா விழுங்கிய பத்தொன்பது மாத்திரைகள்

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் பினாங்கில் எல்லோரும் இளைத்துவிட்டார்கள், யோகம்மாவைத் தவிர. அவளும் மற்றவர்களைப்போல மரவள்ளிக்கிழங்கைத்தான் தின்றாள். பிறவியிலேயே பெருத்த உடம்பு, கரையவில்லை. சுங்கை பினாங்கில் ரேஷன் வரிசையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் பேச்சு கேட்கும். "அரிசியை எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கா!"

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். சிப்பாய்கள் வந்து வீட்டைக் குடைந்தார்கள். ஒரு மணி அரிசிகூட அகப்படவில்லை. ஆத்திரத்தில் அவள் கணவர் ஏரம்பமூர்த்தியைக் கன்னத்தில் இரண்டு அறை அறைந்துவிட்டுப் போனார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு பேசாமல் ஆபீசுக்குப் புறப்பட்டார். அந்த மௌனம்தான் யோகம்மாவைக் கொன்றது. தன் சதைக்கு அவர் அடி வாங்கியிருக்கிறார்.

அன்றே டாக்டர் நாகநாதனிடம் போனாள். உடம்பு இளைக்க மாத்திரை உண்டாமே என்று கேட்டாள்.

அவர் நாடியைப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, பிள்ளை. தைராய்டு சுரப்பி வேலை செய்யாத ஆக்களுக்குத்தான் அந்த மாத்திரை. நல்ல உடம்புக்குக் குடுத்தால் நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. போத்தலிலும் கொஞ்சம்தான் கிடக்கு. இனிக் கப்பல் வந்தால்தான் புதுசு. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுப் போட்டன் டொக்டர். அவரை அடிச்சதை நான் கண்ணாலே பார்த்தனான்." அழுதாள். டாக்டர் இளகிய மனிதர். முப்பது மாத்திரை எண்ணிக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் ரவிக்கை தொளதொளத்தது. கையும் நடுங்கியது. வரிசையில் அதே பெண்கள், "பாவம், அக்கா இளைச்சிட்டாங்க" என்றபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

படபடப்பு தாங்காமல் பத்தொன்பதாம் மாத்திரைக்கு மறுநாள் டாக்டரிடம் போனாள். பெஞ்சில் ஒரு பெண், உச்சி வெயிலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹபீபா பீவி. முகம் ஊதியிருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்ல வந்தது.

"தைராய்டு மாத்திரையிலேதான்... உசிரு ஓடுது. இப்ப டாக்டர் பாதியாக்கிட்டாரு. மருந்து... தீரப்போவுதாம்."

யோகம்மா மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இதிலே பதினொண்டு இருக்கு. மிச்சத்தை நான் திண்டிட்டன்."

ஹபீபா பீவி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அந்த வீங்கிய முகத்தில் இரக்கம் பரவியது. "உங்களுக்கும் இதே சீக்கா, அக்கா? உங்களுக்கும்... குளிருதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஓம்," என்றாள்.

"அப்ப நீங்களே வச்சுக்குங்க," என்று ஹபீபா பீவி பொட்டலத்தைத் திருப்பி நீட்டினாள். அதை அவளிடமே விட்டுவரப் படாதபாடு பட்டாள் யோகம்மா.

ஹபீபா பீவி தட்டுத் தடுமாறி, வெள்ளைக்காரன் திரும்பி மருந்து வரும்வரை உயிரோடிருந்தாள். சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "குளிரு விட்டுச்சா அக்கா?" என்று அக்கறையாய்க் கேட்பாள். யோகம்மா தலையை ஆட்டிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்புவாள்.