முதலில் பால், பிறகு பரிசு

எனக்குத் தாடி முளைத்தது 2011 மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். அப்போது எனக்குப் பத்து வயது. பழைய குளிர்த்தொப்பியைப் பிரித்தெடுத்த பழுப்புக் கம்பளி நூலை அம்மா அட்டைத் துண்டொன்றில் ஒட்டி, ரப்பர் நாடாவால் என் காதுகளில் மாட்டிவிட்டார். அது நழுவாமல் இருக்க நாடியில் கொஞ்சம் பசையும் தடவினார்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் மறைந்த பெரிய மனிதர் ஒருவராக வேடமிட்டு, பள்ளி ஜிம்மில் சிலைபோல் நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் மேசையில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதப் பொத்தானை அழுத்தினால் சிலை தன் கதையைச் சொல்லும். தோழிகள் பாடகிகளாகவும் விமானியாகவும் மாறினார்கள். நான் ஒரு டச்சு இரசாயனவியலாளரானேன். அந்தத் தெரிவு மாமாவுடையது.

மாமா அம்மாவின் தம்பி. மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்டில்தான் இருந்தார். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தவரை யுத்தம் பாதியில் எழுப்பிவிட்டது. குடியேறிய இந்தக் குளிர்நாட்டில் வான் ஓட்டி, விடியற்காலையில் கடைகளுக்குப் பால் இறக்கினார். அந்த மார்ச்சில் ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு முதலாம் ஆண்டிலிருந்து படிக்க இடம் தந்திருந்தது. அதே வாரம், பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிப் போயிருந்த பெரியப்பா தான் வேலை செய்த வேர்ஹவுஸில் அவருக்கு நிரந்தர வேலை பேசி வைத்திருந்தார். இரண்டு பக்கத்துக்கும், என் வேடத்துக்கு மறுநாளான வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமா இரண்டு பக்கத்துக்கும் "யோசிச்சுச் சொல்லுறன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று பெரியப்பா வந்தபோது மாமா எனக்காகப் பால் கார்ட்டன்களைக் கூம்புகளாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் உவன்?" என்று, வேடத்துக்காக நான் வைத்திருந்த படத்தைப் பார்த்துக் கேட்டார் பெரியப்பா.

"ஒல்லாந்துக்காரன், அத்தான்."

"எங்கட ஊரில கோட்டை கட்டினவங்கள். காணிக்குத் தோம்பெண்டு பதிவேடு எழுதினவங்கள். உவன் என்னத்தைக் கட்டினவன்?"

"அட்டையில கூம்பு கட்டினவன்."

காபன் அணுவின் நான்கு கைகளும் தாளில் வரைவதுபோலத் தட்டையாக இல்லை, முப்பரிமாண வெளியில் நாலு பக்கமும் நீண்டிருக்கின்றன என்று அந்த மனிதர் 1874இல் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. மற்றவர்களுக்கு விளங்கட்டும் என்று அட்டையில் உருவங்கள் செய்து அனுப்பினார். கால்நடை மருத்துவப் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்த அவரை, தொழுவத்துக் குதிரையில் ஏறிப் பறக்கப் பார்க்கிறார் என்று ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் அச்சிலேயே கேலி செய்தார். 1901இல் இரசாயனவியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. பின்னாளில் பெர்லினில் ஒரு பண்ணை வைத்து, காலையில் தானே வண்டியோட்டிப் போய் வீடுவீடாகப் பால் கொடுத்தார்.

"பாத்தீங்களோ, அவரும் என்னைப்போலப் பால்காரன்தான்" என்றார் மாமா.

பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பால் குடுத்தது பரிசுக்கு முன்னமோ, பிறகோ?"

மாமாவுக்குப் பொய் வராது. "பிறகு."

"அப்ப சரி. அவர் பரிசை எடுத்துப்போட்டுப் பால் வித்தவர். நீ பாலை வித்துப்போட்டு என்னத்தை எடுக்கப்போறாய்? முப்பத்திநாலு வயசில சின்னப்பிள்ளையளோட வகுப்பு வாங்கில இருக்கவோ? அடுத்த திங்கக்கிழமை என்னோட வேலைக்கு வா, தம்பி."

மாமா கழன்றிருந்த ஒரு விளிம்புக்கு மறுபடி பசை பூசினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு ஆண்டுகளை ஒப்புவிக்க வைத்தார். "வருசம் மாறினா ஆளே மாறிப்போவான், பிள்ளை" என்பார். இன்றைக்கும் எதை எழுதினாலும் ஆண்டை இரண்டு முறை சரிபார்க்கிற என் பழக்கம் அங்கே தொடங்கியதுதான். அந்த இரசாயனவியலாளர் இறந்து சரியாக நூறாண்டு நிறைந்த மாதம் அது என்பதையும் அப்படித்தான் பின்னர் கண்டுபிடித்தேன்.

வியாழனன்று பெரியப்பாதான் எங்களைக் காரில் ஏற்றிப்போனார். ஜிம் வெக்கையாக இருந்தது. முதலில் பொத்தானை அழுத்தியதும் அவரே. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். குதிரைக் கேலிவரைக்கும் நன்றாகப் போனது. அங்கே தாடி வாய்க்குள் புகுந்துவிட்டது. நூலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது 1901 எங்கேயோ போய்விட்டிருந்தது. நேரே பாலுக்குத் தாவினேன். வீடுவீடாகப் பால் கொடுத்து முடித்த பிறகுதான் பரிசு மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தது. விடக் கூடாதென்று கடைசியில் சேர்த்தேன்: அதற்குப் பிறகு உலகத்தின் முதல் பரிசை எனக்குத் தந்தார்கள்.

பக்கத்தில் நின்ற யாரோ கைதட்டினார்கள்.

"பிள்ளை மாத்திச் சொல்லிப்போட்டுது" என்று சிரித்தார் பெரியப்பா.

மாமா சிரிக்கவில்லை. முன்னால் வந்து பொத்தானை அழுத்தினார். திருத்திக்கொள்ள வாய்ப்புத் தருகிறார் என்று நினைத்து, தாடியை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்டுகள் பிசகாமல் சொன்னேன். பரிசு முதலில், பால் பிறகு. பாராட்டுக்காக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

"முதல் சொன்ன மாதிரிச் சொல்லு, பிள்ளை."

"அது பிழை, மாமா."

"ஓம், பிழைதான். சொல்லு."

சொன்னேன். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிழை விட்டதற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன்.

திரும்பும்போது காரில் பெரியப்பா கேட்டார்: "அப்ப திங்கள் விடிய வந்து ஏத்தட்டோ?"

"வேண்டாம், அத்தான். நான் படிக்கப்போறன்."

பெரியப்பா வைப்பரை இன்னும் வேகமாக ஓடவிட்டார். பின்சீட்டில் இருந்து, நாடியில் ஒட்டிக்கொண்ட நூலைப் பிய்த்தபடி அழுதேன். பசை இழுக்கிறது போலும் என்று அம்மா நினைத்தார். நான் வரிசையை மாற்றிச் சொன்னதால்தான் பெரியப்பாவுக்குக் கோபம், மாமாவுக்கு வேலையும் போயிற்று என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பெரியப்பா அந்தச் சித்திரை வருசப்பிறப்புக்கு எங்கள் வீட்டுக்கு வராதபோது அது உறுதியாயிற்று.

செப்டெம்பரில் மாமா வகுப்புக்குப் போகத் தொடங்கினார். பால் வானை விடவில்லை. விடியப் பால், பிறகு படிப்பு. ஒரு நாள் அவர் வான் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது போய், "என்னாலதான் உங்களுக்கு அந்த வேலை கிடைக்கேல்லை. சொறி, மாமா" என்றேன்.

மாமா கதவை விட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு, "ஓம், உன்னாலதான்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வானுக்குள் கைவிட்டு ஒரு சொக்கலேற் பால் கார்ட்டனை எடுத்து எனக்குத் தந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கு ஏன் பரிசு தருகிறார் என்று விளங்காமலே, வாசலில் நின்று அதைக் குடித்து முடித்தேன்.