அந்த இருபத்தாறு பேரில்

மழையில் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து நின்ற கோ சூ-லுவானின் காலடியில் தன் செருப்பு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, துணி உறை மாட்டிய காலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனார் ஃபாங் யூ-சின். கீலுங் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் எக்மோ இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வயது நாற்பத்தெட்டு.

சூ-லுவானின் கணவர் படகு இன்ஜின் மெக்கானிக். மாரடைப்பில் விழுந்தவருக்கு, இதயம் செய்ய வேண்டிய வேலையை அந்த இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

ஃபாங் காலையில் வந்தால் யாருக்கும் வணக்கம் கிடையாது. "மூத்திரம் வந்துச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. பிறகு கைவிளக்கை அடித்து, குழாயில் ரத்தம் எங்காவது உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். நோயாளியின் முழங்காலைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க அதன் தலையில் 'சமர்த்து' என்று பொருள்படும் பெயருள்ள, பச்சை உறை போட்ட தின்பண்டப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். தேதி முடிந்தால் அன்றே மாற்றிவிடுவார். வேலை நாளில் அன்னாசிப் பழம் தொட மாட்டார். "அது பேரே 'பெருகி வா'ன்னு கேட்குது. தின்னா நோயாளிக் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ற இடமா இது?"

ஐந்தாம் நாள் டாக்டர் வயது, சிறுநீரகம், நாடி எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்து, பிழைக்க நூற்றுக்கு இருபத்தாறு என்றார். கணவரின் அண்ணன் உடனே வண்டி பேசிவிட்டார். உயிர் வீட்டுக் கூடத்தில்தான் பிரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரிந்தால் ஆவி வழி தெரியாமல் அலையும் என்றார். ஆனால் இயந்திரத்தைக் கழற்றினால் அவர் வீடு வரைக்கும்தான் தாங்குவார்.

சூ-லுவான் ஃபாங்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க. பிழைப்பாரா, அதை மட்டும் சொல்லுங்க."

"இவரை மாதிரி நூறு பேர்ல இருபத்தாறு பேர் உயிரோட வீட்டுக்குப் போனாங்க. இவரு அதுல ஒருத்தரான்னு அந்தக் கணக்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுக்கா."

முன்பு ஒரு குடும்பத்திடம் ஃபாங், "பொறுங்க, பிழைச்சுக்குவார்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பொறுத்தார்கள், அந்த வீட்டுப் பெரியவர் வார்டிலேயே இறந்துபோனார். அதிலிருந்து கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஃபாங் சொல்வதில்லை.

"சரி, கண்டதைச் சொல்லுங்க."

"நேத்து வரைக்கும் மூத்திரம் இல்லை. இன்னிக்கு விடிகாலையில நாப்பது மில்லி. நாடிக் கோடு தட்டையா ஓடிட்டிருந்துச்சு, இப்ப லேசா மேடு தெரியுது. அவ்வளவுதான்."

சூ-லுவான் முகத்தைப் பார்த்த அண்ணன் சிரித்துவிட்டார். "நாப்பது மில்லிய நம்பி வண்டிய அனுப்பச் சொல்றியாம்மா? டீ கிளாஸ்ல பாதி வராது."

"உங்க தம்பி என்னிக்கு அத்தான் எதையும் ஒரேயடியா குடுத்தாரு? வண்டி போகட்டும்," என்றார் சூ-லுவான்.

வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று. வாய் பேசிவிட்டதே தவிர, அடுத்த மூன்று நாளும் சூ-லுவானுக்குச் சோறு இறங்கவில்லை. கடல்தாய் மாட்சுவை வேண்டியபடியே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் இயந்திரத்தைக் கழற்றினார்கள். இதயம் தானாக ஓடியது.

மூன்று வாரம் கழித்துக் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்த சூ-லுவான், ஃபாங்கைக் கண்டதும் நடைக்கூடமெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "நீங்க சொன்னது பலிச்சிடுச்சு தங்கச்சி."

ஃபாங் விறுவிறுவென்று அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்கக்கா. நான் ஒண்ணும் சொல்லல. அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பொண்ணு காதுல விழுந்துடப் போகுது. அவங்க அப்பாவைப் பத்தி எனக்கு இன்னும் எதுவுமே தெரியல."