இறுகக் கட்டிய கால்

காத்திவாக்கம் குப்பத்துத் தேசப்பன் கடலுக்குப் பயந்தவனில்லை. ஐப்பசியில் மற்றவர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். சடுகுடுவிலும் அப்படித்தான். எதிராளிகள் சுவர்போல நின்றாலும் மூச்சுப் பிடித்து உள்ளே பாய்ந்து, இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் கோட்டுக்குத் திரும்புவான். அவன் மனசுக்குள் இருந்த பயம் ஒன்றே ஒன்று. கால் போய்விடக் கூடாது.

அந்தப் பயம் அவனுடைய அப்பாவை, நைனாவைப் பார்த்து வந்தது. தேசப்பன் சின்னப் பையனாக இருந்தபோது நைனாவின் பாதத்தில் கெளுத்தி மீனின் முள் ஏறிவிட்டது. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு அவர் பாட்டுக்குத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கால் வீங்கிற்று, பிறகு கறுத்தது. ஆசுபத்திரிக்குத் தூக்கிப்போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த மனிதர் ரொம்ப காலம் இருந்தார். குடிசை வாசலில் உட்கார்ந்து, காயப்போட்ட கருவாட்டுக்குக் காக்கை ஓட்டினார். கட்டுமரங்கள் அலையைத் தாண்டிப் போகிற நேரத்தில் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். செத்துப்போவதுகூடப் பரவாயில்லை, இப்படி உட்கார்ந்துவிடக் கூடாது என்று தேசப்பன் அப்போதே நினைத்துக்கொண்டான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவொற்றியூர் ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில் ஆட்டம். எதிரணி ஆலைத் தொழிலாளிகள். குப்பத்து அணிக்குத் திருமலை தலைவன். தேசப்பனோடு ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவன், சின்ன வயசிலிருந்து தோஸ்து. ஆட்டம் முடியப்போகிற நேரம். சடுகுடு பாடிப்போன தேசப்பன் ஒருவனைத் தொட்டுவிட்டுத் துள்ளித் திரும்பினான். இறங்கிய இடத்தில் மண் இல்லை, விழுந்து கிடந்தவனின் முழங்கால் இருந்தது. வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, அதன்மேல் உடம்பின் கனம் மொத்தமும் இறங்கிற்று. காய்ந்த மட்டையை ஒடித்ததுபோல ஒரு சத்தம். வெளியே கேட்டதா, தன் காதுக்கு மட்டும் கேட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

எழுந்து நிற்கப் பார்த்தான். ஊன்ற முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்காலில், வெளிக்கணுவுக்குக் கீழே முட்டை அளவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஆசுபத்திரிக்குத் தூக்கினு போலாம்டா" என்றான் ஒருத்தன்.

"ஆசுபத்திரி வாணாம்!" தேசப்பன் போட்ட கத்தலில் தூக்க வந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

அவன் நைனாவின் கதை திருமலைக்குத் தெரியும். "சும்மா இரு மாமு. நான் கட்டறேன் பாரு. இறுக்கிக் கட்டுனா வீக்கம் தானா அடங்கிடும்" என்றான். மூங்கில் பத்தை இரண்டை இரண்டு பக்கமும் வைத்து, தன் வேட்டியையே கிழித்துச் சுற்றி, அதற்குமேல் வலைக்கயிற்றால் வரிந்து வரிந்து கட்டினான். பாய்மரத்தைக் கட்டுகிற கை அது. பாசத்தில் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தது.

அன்று ராத்திரி தேசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பொழுது விடிந்தபோது வலி மரத்துப்போயிருந்தது. கட்டு வேலை செய்துவிட்டது என்று அவனுக்கு ஒரே ஆறுதல். மீன் கூடையை எடுக்காமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பெண்சாதி குப்பம்மாவிடம், "இப்போ பரவால்லம்மே. நீ போய்ட்டு வா" என்றான்.

கால்பக்கம் கிடந்த போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்படியே நின்றாள். விரல்களைத் தொட்டாள். இடது கால் விரல்களையும் தொட்டுப் பார்த்தாள்.

"யோவ், நான் தொடறது தெரியுதா?"

"எங்க தொடறே?"

"சுண்டுவெரல."

அவனுக்குத் தெரியவில்லை.

"ஐஸ் பொட்டியில கெடக்கற மீனாட்டம் ஜில்லுனு கீதுய்யா. நெறமும் நல்லால்ல."

தேசப்பன் எம்பிப் பார்த்தான். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து விரல்களும் நாவல்பழத் தோல்போல நீலம் பாரித்திருந்தன. நைனாவின் கால் இப்படித்தான் ஆரம்பித்தது. கையால் போர்வையை இழுத்து விரல்களை மூடினான். பார்க்காவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்பதுபோல.

"யார் கிட்டயும் சொல்லாதே. சாயந்தரத்துக்குள்ள சரியாப்பூடும்."

குப்பம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு ஜட்கா வண்டியோடு திருமலையும் கூட வந்தான். தேசப்பன் குடிசைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். திருமலை அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தூக்கி வண்டியில் போட்டான். வழியெல்லாம் தேசப்பன் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான்: "அறுத்துடுவாங்கடா. அறுத்துடுவாங்க."

திருவொற்றியூரில் ஒரு தர்ம வைத்தியசாலை. டாக்டர் ரஹீமுன்னிசா என்கிற அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததுமே பினாயில் வாடை. நைனாவைப் படுக்கப்போட்டிருந்த வார்டிலும் இதே வாடைதான். தேசப்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா பெயர், ஊர் ஒன்றும் கேட்கவில்லை. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டார். நகம் வெளுத்தது, வெளுத்தபடியே இருந்தது.

"எப்போ கட்டினது?"

"நேத்து சாயந்தரம்மா" என்றான் திருமலை.

"இத உடனே வெட்டணும்." அவர் பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

தேசப்பன் அலறிக்கொண்டு மேசையிலிருந்து இறங்கப் பார்த்தான். "ஐயோ வாணாம்மா! காலை எடுக்காதம்மா! கடலுக்குப் போறவன்மா நான்!"

டாக்டரம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே இறக்கினார். "காலை இல்லப்பா. கட்டை. கட்ட மட்டும்தான் வெட்டப்போறேன். நீயே பாத்துக்கிட்டு இரு."

வலைக்கயிறு ஒவ்வொரு சுற்றாக அறுந்து விழுந்தது. துணி பிரிந்தபோது காலில் கயிற்றின் தடம் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அவர் பாதத்தின் மேற்பக்கத்தில் இரண்டு விரல்களை வைத்தார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். விரல்களைச் சற்று நகர்த்தினார். பிறகு உள்கணுவுக்குப் பின்னால் வைத்தார்.

"இன்னாம்மா பாக்கறீங்க?" குப்பம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ரத்தம் ஓடுதான்னு பாக்கறேன்."

"ஓடுதாம்மா?"

"பேசாம இருங்க."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று. அதன் சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் டாக்டரம்மாவின் விரல்கள் அங்கேயே இருந்தன. நைனாவின் முகம் சுவர்ப்பக்கம் திரும்புவது தேசப்பனுக்குக் கண்ணுக்குள் தெரிந்தது. இனிமேல் தனக்கும் அந்தச் சுவர்தான் என்று நினைத்துக்கொண்டான். அப்போது காலுக்குள் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. அப்புறம் நெருப்பை வாரிக் கொட்டினாற்போல எரிந்தது. அவன் கத்தினான்.

"கத்து, நல்லா கத்து" என்றார் டாக்டரம்மா. முதல் தடவையாக அவர் முகம் இளகிற்று. "வந்துடுச்சு. துடிக்குது." மறுபடியும் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த இடத்தில் சிவப்பு மெல்லப் படர்ந்தது. குப்பம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவர் அடிபட்ட கதையைக் கேட்டார். பாதம் எந்தப் பக்கம் மடங்கிற்று, சத்தம் கேட்டதா, உடனே ஊன்ற முடிந்ததா, இதற்கு முன்னால் அந்தக் கால் பிசகியிருக்கிறதா. "ரொம்ப வலிக்கிற இடத்த ஒரே ஒரு விரலால காட்டு" என்றார். அவன் காட்டினான். ஆனால் அவர் அந்த இடத்தைத் தொடவில்லை. முதலில் நல்ல காலைப் பிடித்து அழுத்தி, ஆட்டி, இதேபோலத்தான் அந்தக் காலிலும் செய்வேன் என்று காட்டினார். பிறகு அடிபட்ட காலில் முழங்காலுக்குக் கீழிருந்து எலும்பு வழியாகவே தடவிக்கொண்டு வந்தார். ஆடுசதையைப் பிழிந்தார், பாதம் கீழ்நோக்கி அசைந்தது. "குதிகால் நரம்பு அறுந்துபோகல" என்றார். பாதத்தின் நடு எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, உள்கணு எல்லாவற்றையும் அழுத்தினார். ஒவ்வோர் இடத்திலும் தேசப்பன் உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். வலிக்கவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அடுத்த இடம் எதுவோ என்ற திகில் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் வெளிக்கணுவின் பின்விளிம்பை அவர் விரல் தொட்டதும் மேசையே அதிர அவன் துள்ளினான்.

"இங்கதான். எலும்பு முனையில வெடிப்பு இருக்கும்னு நெனைக்கிறேன். அதுக்குக் கீழ எலும்பையும் எலும்பையும் கட்டி வெச்சிருக்கிற நாரும் கிழிஞ்சிருக்கு. பெரிய ஆசுபத்திரிக்கு எழுதித் தரேன். எக்ஸ்ரே படம் எடுத்துட்டு மாவுக்கட்டு போடுவாங்க."

"அங்க எடுத்துட மாட்டாங்களே?" அவன் அப்போதும் அதையேதான் கேட்டான்.

"மாட்டாங்க. ஆனா இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா என்னால இத சொல்லியிருக்க முடியாது."

திருமலை அறைமூலையில் கிடந்த வலைக்கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதற்கப்புறம் பல நாள் அவன் குடிசைப் பக்கம் வரவில்லை.

டாக்டரம்மா சொன்னபடியே படத்தில் வெடிப்பு தெரிந்தது. மாவுக்கட்டோடு கிடந்த காலமெல்லாம் தேசப்பன் காலையில் கண் விழித்ததும் விரல்களை அசைத்துப் பார்ப்பான். அசைந்தாலும் நம்பமாட்டான். "தொட்டுப் பாரும்மே, சூடு கீதா?" என்பான். குப்பம்மா அலுத்துக்கொள்ளாமல் தொட்டுப் பார்த்துச் சொல்வாள். கட்டைப் பிரித்தபோது கால் கொக்குக் காலாக இளைத்திருந்தது. அந்த ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். நின்றான், கணு கிடுகிடுவென்று ஆடிற்று. சுண்டுவிரலில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவே இல்லை.

கோல் ஊன்றி நடக்க முடிந்ததும் முதல் வேலையாகத் திருமலையின் குடிசைக்குப் போனான். திருமலை எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னாடா, மரத்துல என் எடத்துல வேற ஆளு போட்டுட்டியா?"

"இல்ல மாமு. யாரையும் போடல."

"அப்போ இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறே?"

சடுகுடுவுக்கு அவன் மறுபடி இறங்கவில்லை. யாராவது கூப்பிட்டால் காரணம் சொல்லி மழுப்பமாட்டான். "பயமா கீதுப்பா" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவான்.

கடலுக்குப் போனான். முதல் நாள் அலை எழும்பி மரத்தின் மூக்கு மேலே தூக்கியபோது, நனைந்த கட்டையின்மேல் வலது கணு பிடி விட்டுப்போவது அவனுக்குத் தெரிந்தது. அலைக்கு முன்னால் நின்றுதான் துடுப்பு போடவேண்டும். குப்பத்து ஆம்பிளைகள் அப்படித்தான். தேசப்பன் சட்டென்று இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிட்டான். மண்டியிட்டபடியே துடுப்பைத் தள்ளினான். அலை தலைக்குமேல் உடைந்து இறங்கிற்று. கரையில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பின்னாலிருந்த திருமலை அவனுக்குச் சரியாகத் தானும் துடுப்பைப் போட்டான். மரம் அலையைத் தாண்டிற்று.

கொஞ்ச நாளில் சிரிக்கிறவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். தொழிலை விடுகிறவரைக்கும் தேசப்பன் அலையை மண்டியிட்டேதான் தாண்டினான்.